சோலி மாத்தப் போறியாக்கும்?

வாலே பேராண்டி, வா. திண்ணையில உக்காரு. மூஞ்சி ஏன் வாடின கத்தரிக்கா மாதிரித் தொங்குது?

ஓ, சோலி மாத்தலாமா வேண்டாமான்னு யோசனையாக்கும்! ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் புரண்டுக்கிட்டே கிடந்தியாமே, உங்க ஆத்தா சொன்னா. அவளும் சும்மா இல்ல. ஜோசியர் வீட்டுக்குப் போயி குருப்பெயர்ச்சி பாத்துட்டு வந்துட்டா. ‘இடமாற்றம் உண்டு, கொஞ்சம் அலைச்சலும் உண்டு’ன்னு சொல்லிட்டாராம். நீ அதைக் கேட்டுச் சிரிச்சியாம். மூடநம்பிக்கைன்னியாம்.

சரிதான். அதுக்கப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு செல்லுல என்னத்தைப் பாத்தே? ‘நீங்கள் வேலையை விடத் தயாரா? பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.’ பத்துக்கும் ஒழுங்காப் பதில் சொன்னியா? என்ன வந்துச்சு? ‘உங்களுக்கு மாற்றம் தேவை, ஆனால் நிதானமும் தேவை.’ ஏலே, அதைத்தானலே ஜோசியரும் சொன்னாரு! அவருக்கு 200 ரூவா வச்சா உங்க ஆத்தாளுக்கு ஒரு எலுமிச்சம்பழமாவது கிடைச்சிச்சு. உனக்கு என்ன கிடைச்சிச்சு? கண்ணு எரிச்சல்.

எனக்கு உன் கம்ப்யூட்டர் சங்கதி தெரியாது. தெரிஞ்சது மாடு. கழுகுமலை பங்குனி உத்திர மாட்டுத் தாவணிக்கு எங்க ஐயா என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போன நாள்ல இருந்து மாடு வாங்குறதையும் விக்கிறதையும் பாத்துக்கிட்டிருக்கேன். நீ சொல்லுத கதையை எல்லாம் கேட்டா, அதுவும் அதே தாவணி மாதிரித்தான் இருக்கு. இங்கன புளியமர நிழலு, அங்கன ஏசி. அம்புட்டுத்தான்.

ஒண்ணு மட்டும் நீ தலைகீழா நினைச்சிருக்கே. நல்ல கம்பெனியாப் பாத்து நான் பிடிக்கப் போறேன்னு சொல்லுதே. துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுத் தாவணிக்குள்ள சுத்தி வார சம்சாரி நீதான்னு நினைப்பு. கூறுகெட்டவனே, கயித்துல கட்டி நிக்கிறது யாருன்னு குனிஞ்சு பாரு.

நம்பலையா? மாட்டுக்கு மேல்வாயில முன்பல்லே கிடையாது. கீழ்வாயில எட்டு. ரெண்டு வயசு வாக்கில பால்பல்லு ரெண்டு விழுந்து பெரிய பல்லு ரெண்டு முளைக்கும். அதுதான் ரெண்டு பல்லுக் காளை. அப்புறம் நாலு, ஆறு, எட்டு. எட்டும் முளைச்சுத் தேய ஆரம்பிச்சா விலையும் தேயும். அதனாலதான் வாங்குறவன் முதல்ல உதட்டைப் பிதுக்கிப் பாக்கான். உன் விளம்பரத்தில என்ன போட்டிருக்கு? ‘2 முதல் 4 வருட அனுபவம்’. ரெண்டு பல்லு, நாலு பல்லு! பதினஞ்சு வருசம் பாத்தவனைக் கூப்பிட்டு, ‘சார் எங்களுக்கு இவ்வளவு அனுபவம் தேவையில்லை’ங்கான். பல்லு தேஞ்சிட்டுங்கான், மரியாதையா.

இன்னொண்ணும் சொல்லுதேன். நம்ம செவலைக்குக் கால்நடை ஆஸ்பத்திரியில காதுல ஒரு மஞ்ச வில்லை குத்தி விட்டாங்கள்ல, அதுல எத்தனை இலக்கம்னு எண்ணிப் பாத்திருக்கியா? 12. உன் பி.எஃப். கணக்குக்கு ஒரு நம்பர் வச்சிருக்கியே, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வாரது, அதுல எத்தனை? அதுவும் 12. செவலை காதுல தொங்குது, உனக்குச் சீட்டுல இருக்கு. கோவிச்சுக்காதே. கணக்குக்குச் சொன்னேன்.

சோலிக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கிற தரகன் ஒருத்தன் உனக்குப் போன் பண்ணிக்கிட்டே இருக்கான்லா, தேன் ஊத்துன மாதிரிப் பேசுவான்னியே. ‘உங்க திறமைக்கு நீங்க அங்க இருக்கவே கூடாது சார்’ங்கானாம். உன் மேல அவனுக்கு என்னலே அம்புட்டுப் பாசம்? உங்க அப்பனுக்கே அது கிடையாது. நீ அங்கன போய்ச் சேந்தா, உன் வருசச் சம்பளத்தில இத்தனை பங்குன்னு கம்பெனிக்காரன் அவனுக்குக் குடுப்பான். நீ மூணு மாசத்துக்குள்ள ஓடிட்டா வேற ஆளைச் சும்மா பிடிச்சுக் குடுக்கணும்னு பல இடத்தில பேச்சு. ஆகக்கூடி அவன் பாசத்துக்கு ஆயுசு தொண்ணூறு நாளு. அதைத் தப்புன்னு சொல்லல. தரகு அவன் பொழைப்பு. ஆனா ‘இது மாறுறதுக்குச் சரியான நேரமா?’ன்னு போயும் போயும் அவன்கிட்டயா கேப்பே? தரகனுக்கு எல்லா நாளும் முகூர்த்த நாள்தான்.

சரி, மாடு பிடிச்சிருக்கு, விலையும் பேசியாச்சுன்னு வை. நாங்க அப்பவும் கயித்தை வாங்க மாட்டோம். சுழி பாப்போம். விலங்குச் சுழி இருந்தா வாங்குனவன் கால்ல விலங்கு விழும்பாங்க. துடைப்பச் சுழி இருந்தா வீட்டையே துடைச்சிட்டுப் போகும்பாங்க. மெய்யான்னு கேக்கியா? எனக்கென்ன தெரியும்? ஆனா சுழி தேடுற சாக்கில மாட்டைச் சுத்தி நிதானமா ஒரு வட்டம் வருவோம். நொண்டி, புண்ணு, வால்ல சொறி எல்லாம் அப்பத்தான் கண்ணுல படும். நீ ஆபர் லெட்டரைச் சுத்தி ஒரு வட்டம் வந்தியா? முதல் பக்கத்தில இருக்கிற பெரிய எண்ணைப் பாத்ததும் உதட்டோரத்தில எச்சி ஒழுகியிருப்பே.

இங்கன குடு, நான் பாக்கேன். கண்ணாடியை எடு.

என்ன எண்ணு? 12 லட்சம். மாசம் ஒரு லட்சம்னு ஊரெல்லாம் சொல்லிட்டே. உங்க அத்தை பொண்ணுக்கு நகை டிசைன் பாக்க ஆரம்பிச்சிட்டா. இப்போ உள்ள வா. அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது மாசம் 50,000. கம்பெனி உன் பி.எஃப்.புக்குக் கட்டுறது 12 சதவீதம், வருசத்துக்கு 72,000. அதையும் உன் விலையிலதான் சேத்திருக்கான். பணிக்கொடைன்னு 4.81 சதவீதம் ஒதுக்கி 28,860. அஞ்சு வருசம் கழிச்சுக் குடுத்தாலும் குடுப்பான், இல்லாட்டியும் இல்ல, ஆனா இப்பவே உன் கணக்குல ஏத்தியாச்சு. ஆஸ்பத்திரி இன்சூரன்சுக்கு 15,000. ‘மாறும் ஊதியம்’னு ஒரு லட்சத்து இருபதாயிரம். எப்போ மாறும்? எப்படி மாறும்? அது மேகத்தைப் பாத்து விதைக்கிற சோலி. இதை எல்லாம் கழிச்சு மாசக்கணக்கா வகுத்தா 80,345. அதுல உன் பங்கு பி.எஃப். 6,000 போகும். தொழில் வரி ஏதோ கொஞ்சம். வருமான வரி புது முறையில உனக்கு விழாதுங்காங்க, புண்ணியமாப் போச்சு. கையில வாரது 74,000 சொச்சம்.

மாட்டை விக்கிறவன், ‘விலை அம்பதாயிரம், அதுல பத்தாயிரம் நீங்க போடப்போற வைக்கோலுக்கு, அஞ்சாயிரம் தொழுவத்துக்கு’ன்னு சொன்னா அவனை என்ன செய்வோம்? துண்டாலயே அடிப்போம். உங்க ஊருல அதுக்குப் பேரு சி.டி.சி.யாம்.

இப்போ உனக்குக் கையில எவ்வளவு வருது? 62,000. இருக்கிறது மதுரையில. வாடகை 9,000. வெள்ளிக்கிழமை சாயந்தரம் பஸ் ஏறுனா ராத்திரிச் சோத்துக்கு வீட்டுல இருக்கே. புதுச் சோலி எங்கன? பெங்களூரு. வாடகை 22,000ன்னு நீயே சொன்னே. அப்போ கூடுதலா வாரது 12,000, கூடுதலாப் போறது 13,000. ஆறு மாசம், பத்து மாச வாடகையை அட்வான்சா எண்ணி வைக்கச் சொல்லுவான் வீட்டுக்காரன். அதுக்கு யாருகிட்ட வந்து நிப்பே? இந்தக் கிழவன்கிட்டத்தான். உழுகிறவன் கணக்குப் பாத்தா உழக்குக்கூட மிஞ்சாதும்பாங்க. நீ உழாமலே உழக்கைத் தொலைக்கப் பாக்கே.

அடுத்த பக்கம். சேரும்போது ஒரு லட்சம் போனசு. ஆகா! ரெண்டு வருசத்துக்குள்ள விட்டுட்டுப் போனாத் திருப்பிக் கட்டணும். இதுதான் துடைப்பச் சுழி. வரி விழுற ஆளுன்னா வரியைப் பிடிச்சுக்கிட்டுக் கையில குறைச்சுக் குடுப்பான், சில இடத்தில திருப்பிக் கேக்கும்போது முழுசாக் கேப்பான். அதுக்குக் கீழ, விலகணும்னா 90 நாள் நோட்டீசு. இது விலங்குச் சுழி. சேரும்போது ‘நாளைக்கே வர முடியுமா?’ங்கான், போகும்போது மூணு மாசம்கான். கல்யாணத்துக்கு அவசரப்படுத்துன அதே ஆளு.

நீயும் லேசுப்பட்டவன் இல்ல, தெரியும். தாவணிக்கு ஓட்டி வாரதுக்கு முந்தி மாட்டுக்கு உப்பைக் குடுத்து வயிறு முட்டத் தண்ணி காட்டுவான் விக்கிறவன். வத்தின மாடும் கொழுத்த மாடாத் தெரியும். கொம்பைச் சீவி எண்ணெய் தடவுவான். உன் பயோடேட்டாவை எனக்குப் படிச்சுக் காட்டினியே, ‘குழுவை வழிநடத்தினேன்’னு. எத்தனை பேருலே குழுவுல? நீயும் ஒரு பயிற்சிப் பையனும். கொம்புல எண்ணெய் நல்லாத்தான் மினுங்குச்சு.

அவனும் அப்படித்தானே. ஆபீசுல ஊஞ்சல் இருக்கு, மேசைப்பந்து இருக்கு, சாயந்தரம் சுண்டல் சும்மாங்கான். ஊஞ்சல் ஆடவா போறே? நம்ம வேப்பமரத்தில கயிறு கட்டித் தாரேன், மாசம் பூரா ஆடு. அப்புறம் பட்டம். ‘அசோசியேட் லீட்’. விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம். கூட்டுறது என்னமோ அதே வாசலைத்தான்.

நான் சோலி மாத்துன கதையைச் சொன்னேனா? சொல்லல. சொன்னா உங்க ஆச்சி சிரிப்பா.

அப்போ எனக்கு இருபத்தி ஒண்ணு. பக்கத்து ஊருத் தீப்பெட்டி ஆபீசுல சோலி. வாரத்துக்கு 12 ரூவா. மேஸ்திரி ஒருத்தன் இருந்தான். எச்சில் தெறிக்கத்தான் பேசுவான். ஒரு சனிக்கிழமை, சம்பளம் போடுற நேரத்தில, நாலு பொம்பளைப்புள்ளைகளுக்கு முன்னால என்னைத் ‘தண்டச்சோறு’ன்னுட்டான். விட்டேன் பாரு! திங்கக்கிழமையே ஒரு நூல் மில்லுல போய் நின்னேன். வாரத்துக்கு 16 ரூவா. நாலு ரூவா கூட! மீசையை முறுக்கிக்கிட்டு ஊருக்குள்ள நடந்தேன்.

மில்லு ஒம்பது மைல். கடன் வாங்கி ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். கரிசக்காட்டுப் பாதை, கருவேல முள்ளு. வாரத்துக்கு ரெண்டு பஞ்சர். ராத்திரி ஷிப்டுன்னா கடையில ரெண்டு தோசை, ஒரு காப்பி. பஞ்சு பறந்து பறந்து இருமல், அதுக்குக் கசாயம். சைக்கிள் கடனுக்கு வட்டி. மூணாம் வாரம் உக்காந்து கணக்குப் போட்டேன். கூட வந்தது நாலு ரூவா, கூடப் போனது அஞ்சே கால். இதெல்லாங்கூடப் பொறுத்துக்கிடலாம்லே. எங்களுக்கு மேல ஒரு மேஸ்திரி இருந்தாரு, அவரும் எச்சில் தெறிக்கத்தான் பேசுதாரு. இந்த எச்சில் நமக்குப் பழக்கப்பட்ட எச்சிலா இருக்கேன்னு விசாரிச்சா, பழைய மேஸ்திரிக்கு இவரு சொந்த மச்சான்!

அதுல இருந்து நான் ஒரு மனுசனைப் பாத்துக் கோவப்பட்டு ஊரு மாறுனதில்ல. எல்லா ஊருலயும் அவனுக்கு ஒரு மச்சான் இருக்கான்.

நீ எப்போ இந்த யோசனை பண்ணுனே? புதன்கிழமை உங்க மேனேஜர் எல்லாரும் பாக்க மெயில் போட்டதுக்கு அப்புறம்தானே? செவ்வாய்க்கிழமை உனக்கு இந்த நினைப்பு இருந்துச்சா? இருந்துச்சுன்னா பேசு. இல்லைன்னா கொஞ்சம் பொறு. கரிசல்ல மழை பெஞ்ச அன்னைக்கே யாராவது ஏரு பூட்டுவானா? இறங்கிப் பாரு, ஒவ்வொரு கால்லயும் ரெண்டு கிலோ மண்ணு அப்பிக்கிட்டு வரும். மாடும் நகராது, கலப்பையும் நகராது. அதுக்காகப் பத்து இருபது நாள் விட்டாலும் கெட்டுது, பாளம் பாளமா வெடிச்சு இரும்பாப் போயிரும். நடுவுல ரெண்டு மூணு நாள் ஒரு பதம் வரும். ஒரு கை மண்ணை அள்ளிப் பிசைஞ்சா கையில ஒட்டாது, உதிரும். அதுதான் நாளு. ராஜினாமாக் கடுதாசியை ஈரத்தில எழுதாதே. எழுதினாலும் அனுப்பாதே. நாலு நாள் கழிச்சு எடுத்துப் படி. வெக்கப்படாம முழுசும் படிச்சு முடிச்சீன்னா பதம் வந்துட்டுன்னு வச்சிக்கோ.

எந்தத் தேதியில அங்கன சேந்தே? 2021 ஆகஸ்ட் 2. ஆமா, ஞாபகம் இருக்கு. அந்த வருசந்தான் அமெரிக்காவுல எல்லாரும் கூட்டங்கூட்டமாச் சோலியை விட்டுட்டுப் போறாங்கன்னு பேப்பர்ல வந்துச்சு. அந்தோணி க்ளோட்ஸ்னு ஒரு பேராசிரியர் அதுக்கு ‘மாபெரும் ராஜினாமா’ன்னு பேரு வச்சாரு. அடுத்த வருசம், விடாமலே விட்ட மாதிரி சோலி பாக்கிறதுக்கு இன்னொரு பேரு வச்சாங்க. வரப்புல மண்வெட்டியை ஊனிக்கிட்டு வானத்தைப் பாத்து நிக்கிறதுக்கு நம்ம ஊருல பேரே வைக்கல. வச்சிருந்தா நாமளும் பேராசிரியர்தான்.

தேதிக்கு வருவோம். இப்போ பங்குனி பிறந்திருக்கு. இன்னைக்கு லெட்டர் குடுத்தா 90 நாள் கழிச்சு, ஜூன் நடுவுல வெளிய வருவே. அஞ்சு வருசம் நிறைய இன்னும் ஒண்ணரை மாசம் பாக்கி. பணிக்கொடைச் சட்டம் 1972ல வந்துச்சு. இப்போ அதைப் புதுச் சட்டத் தொகுப்புல சேத்து 2025 நவம்பர்ல அமலுக்குக் கொண்டு வந்துட்டாங்க. குறிப்பிட்ட காலத்துக்குன்னு ஒப்பந்தம் போட்ட ஆளுக்கு இனி ஒரு வருசம் போதும். ஆனா உன்னை மாதிரி நிரந்தர ஆளுக்கு அதே அஞ்சுதான். கணக்கு ரொம்ப லேசு. கடைசி மாச அடிப்படைச் சம்பளத்தை 26ஆல வகுத்து 15ஆல பெருக்கு, அதை வருசத்தால பெருக்கு. உனக்கு அடிப்படை 40,000. அஞ்சு வருசத்துக்கு 1,15,384 ரூவா.

நாலு வருசம் முடிஞ்சு அஞ்சாம் வருசத்தில 240 நாள் சோலி பாத்திருந்தாலும் போதும்னு சென்னை ஐகோர்ட்டு ஒரு வழக்கில சொல்லியிருக்கு. மெய்தான். ஆனா கோர்ட்டுத் தீர்ப்பைக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டு வாங்குறது வேற, தானா வந்து விழுறது வேற. சித்திரை கழியட்டும்லே. வைகாசி பிறந்ததும் லெட்டரைக் குடு. 90 நாளும் சர்வீசுதான், ஆகஸ்டு 2 தாண்டிரும். இடையில ஏப்ரல்ல ஊக்கத்தொகை வருதுன்னியே, அதுவும் கைக்கு வந்திரும். அந்தத் தேதியில நோட்டீசு குடுக்காத ஆளா இருந்தாத்தான் குடுப்பான். கதிரு பால் பிடிக்கிற நேரத்தில காட்டை விட்டுட்டுப் போறவனைப் பாத்து மயிலுதான் சிரிக்கும்.

பி.எஃப். பானையை மட்டும் போற ஆத்திரத்தில உடைச்சுறாதே. புது இடத்துக்கு மாத்திக்கோ. அஞ்சு வருசத்துக்கு முந்தி உருவினா வரி. பென்சனுக்குப் பத்து வருசச் சர்வீசு சேரணும், நம்பர் ஒண்ணா இருந்தா எத்தனை கம்பெனி மாறினாலும் வருசம் கூடிக்கிட்டே போகும். உங்க மாமன் ஒருத்தன் மூணு தடவை உருவி மூணு பைக் வாங்கினான். இப்போ அம்பத்தெட்டு வயசு. மூணு பைக்கும் பழைய இரும்புக்குப் போயிட்டு.

இன்னொண்ணு கேக்கேன், இதுக்கு மட்டும் சிரிக்காமப் பதில் சொல்லு. உங்க ஆத்தாளுக்குச் சர்க்கரை இருக்குல்ல? இப்போ உன் கம்பெனி இன்சூரன்சுல அவ பேரு இருக்கு. நீ வெளிய வார கடைசி நாளோட அது முடிஞ்சிரும். புதுக் கம்பெனியில அப்பா அம்மா உண்டா? ‘பணியாளர், மனைவி, இரண்டு குழந்தைகள்’னு போட்டிருக்கு. மனைவியும் இல்ல, குழந்தையும் இல்ல, இருக்கிற ஆத்தாளுக்கு இடம் இல்ல! தனியா எடுக்கலாம். ஆனா ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூணு வருசம் வரைக்கும் காத்திருக்கச் சொல்ல அவனுக்கு உரிமை இருக்கு. சர்க்கரை காத்திருக்குமா? விடுறதுக்கு முந்தியே அவளுக்கு ஒண்ணை எடுத்து வை. ஊஞ்சலைப் பத்திக் கேட்டியே, இதைக் கேட்டியா அந்தத் தரகன்கிட்ட?

என்ன, தாத்தா போக விடாமத் தடுக்காருன்னு பாக்கியா? போகவே கூடாதுன்னு சொல்ல நான் என்ன உன் கம்பெனிக்காரனா?

கமலை மாட்டை நீ பாத்ததில்ல. கிணத்துல இருந்து தண்ணி இறைக்கும். சரிவுல முன்னால இறங்கும், தண்ணி மொண்ட கூனை மேல வரும். அப்புறம் திரும்பாம அப்படியே பின்னாலயே நடந்து மேட்டுக்கு ஏறும். முன்னால இருபது எட்டு, பின்னால இருபது எட்டு. பத்து வருசம் நடந்தாலும் அதே இருபது எட்டுத்தான். மாட்டுக்கு நாம ரொம்ப தூரம் வந்துட்டோம்னு நினைப்பு இருந்திருக்கும். அப்புறம் கரண்டு மோட்டார் வந்துச்சு. மாட்டுக்கிட்டப் போயி யாரு விவரம் சொன்னா? ஒரு நாள் கூனையைக் கழட்டிக் கொட்டகையில போட்டாங்க, மாடு சந்தைக்குப் போச்சு. பின்னால நடக்கத் தெரிஞ்ச மாடுன்னு ஒருத்தனும் விலை கூட்டிக் குடுக்கல. உன் சோலியில இப்போ செயற்கை அறிவு, செயற்கை அறிவுன்னு பேசுதீங்களே, அந்தச் சத்தம் கேக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மோட்டார் சத்தந்தான் ஞாபகம் வருது. இந்த ஒரு வருசத்தில புதுசா என்ன கத்துக்கிட்டேன்னு கேட்டா உன்கிட்டப் பதில் இருக்கா? முழிக்காதே, யோசி. பதில் இல்லைன்னா சம்பளம் எம்புட்டு இருந்தாலும் சரிவுலதான் நடக்கே.

அப்புறம் சம்பளத் தேதி. ஒண்ணாம் தேதி வந்தது அஞ்சாம் தேதியாகி, அஞ்சு பன்னெண்டாகி, ‘அடுத்த மாசம் சேத்துப் போட்டுருவோம்’னு மேடையில ஏறிப் பேசினா, பேச்சைக் கேக்க உக்காராதே. உன் சம்பளத்தில பிடிச்ச பி.எஃப். அடுத்த மாசம் 15ந் தேதிக்குள்ள கட்டியாகணும். கட்டுதானான்னு பாஸ்புக்கைத் திறந்து பாத்தா ஒரு நிமிசத்தில தெரிஞ்சிரும். பிடிச்ச காசைக் கட்டாதவன் வீட்டுல எலி அரிசி மூட்டைக்குள்ள இருக்காது, வாசல்லதான் நிக்கும். கணக்குப் பாக்கிற பழைய ஆளு, பத்து வருசமா அசையாம இருந்தவரு, திடீர்னு ‘சொந்தக் காரணம்’னு விலகினாருன்னா அதுவும் ஒரு சகுனம். எனக்குப் பல்லி சொல்லுறதில நம்பிக்கை இல்ல. கணக்குப்பிள்ளை சொல்லாமப் போறதில நம்பிக்கை உண்டு.

உடம்பும் சொல்லும். மூக்கணாங்கயிறு உராயத்தான் செய்யும், அதுக்குப் பேரு சோலி. மேனேஜர் காலையில வணக்கம் சொல்லலைன்னு நீ ‘நச்சுச் சூழல்’னு ஸ்டேட்டஸ் போட்டியே, அது உராய்வு. ஆனா மூக்குல புண்ணு வச்சு, ஈ மொய்ச்சு, தீவனத்தைக் கண்டாலே மாடு தலையைத் திருப்பிக்கிடுதுன்னு வை, அப்போ கயித்தை அறுத்துத்தான் விடணும். நீ ஞாயித்துக்கிழமை மத்தியானச் சோத்துக்கே தட்டைத் தள்ளி வைக்கியாமே? உங்க ஆத்தா அதை ஜோசியர்கிட்டச் சொல்லல, எங்கிட்டச் சொல்லி அழுதா. அது மெய்யா இருந்தா இம்புட்டு நேரம் நான் போட்ட கணக்கை எல்லாம் அழிச்சிரு. 1,15,384ம் போனாப் போகுது. ஆனா அது மெய்யா, இல்ல அன்னைக்கு ஆச்சி வச்ச பாவக்காயினாலயான்னு உனக்குத்தான் தெரியும்.

போனு அடிக்குது பாரு. அவன்தானா? சனிக்கிழமையும் விட மாட்டானா! பொறு, பொறு, உடனே எடுக்காதே. ரெண்டு மணி அடிக்கட்டும். அவசரம் உன் பக்கம் இல்லைன்னு தெரியணும்.

‘எவ்வளவு எதிர்பாக்கீங்க?’ன்னுதான் முதல்ல கேப்பான். சொல்லிப்புடாதே. தாவணியில வாயால விலை பேசுறவனைப் பாத்திருக்கியா? கையைத் துண்டுக்குள்ள விட்டு, விரலைப் பிடிச்சுத்தான் பேசணும், பக்கத்தில நிக்கிறவனுக்குக்கூடத் தெரியக் கூடாது. முதல்ல அவன் விரலு நீளட்டும். மதுரையில உக்காந்தே பாக்கலாமான்னு கேளு. ஆத்தா பேரை இன்சூரன்சுல சேப்பானான்னு கேளு. சேரும் தேதி ஆகஸ்டு கடைசின்னு சொல்லு. மூணுக்கும் தலையை ஆட்டினா அப்புறம் விலையைப் பாத்துக்கிடலாம்.

இந்தா, என் துண்டு. போனு மேல போட்டுக்கோ. உங்க ஆத்தா ஜன்னல் ஓரத்திலதான் நிக்கா.